பழைய லாரியில் ஃபியூஸ் ஹோல்டர் மாற்றுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய லாரியின் வயரிங்கைப் பிரித்துப் பார்க்கிறவர்களை முதலில் குழப்புவது இதுதான்: ஹோல்டர் பொசுங்கிக் கறுத்திருக்கும், பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கமாக வழிந்திருக்கும், உள்ளே இருக்கும் ஃபியூஸ் மட்டும் எரியாமல் முழுசாக இருக்கும். இவ்வளவு சூடு ஏறியும் ஃபியூஸ் ஏன் எரியவில்லை?

ஃபியூஸ் பார்ப்பது தன் வழியாக ஓடும் கரண்டின் அளவை மட்டும்தான். பக்கத்தில் பிடிப்பு தளர்ந்துவிட்டதா, களிம்பு ஏறிவிட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஃபியூஸின் முனையும் ஹோல்டரின் தகடும் சரியாகத் தொடாத இடத்தில் 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 20 வாட் சூடு பிறக்கிறது. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சூடாக்கி வயர்களுக்கு நடுவே சொருகி வைத்த மாதிரி. ரெசிஸ்டன்ஸ் கூடக்கூட கரண்ட் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் ஃபியூஸ் கடைசிவரை எரியாது. விளக்கு மங்கும், ஹார்ன் கரகரக்கும், ஹோல்டர் உருகும்.

ஆகவே இந்த வேலையில் கண் இருக்க வேண்டியது ஹோல்டரின் மேல்கூட்டில் அல்ல, உலோகமும் உலோகமும் தொடும் இடங்களில். புது ஹோல்டரை வாங்கி, இரண்டு பக்கமும் வயரைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி விட்டால் பழைய கோளாறை நான்கு அங்குலம் தள்ளி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே சொல்லப்போவது வயரின் நடுவில் தனியாகத் தொங்கும் ஒற்றை ஹோல்டர்களைப் பற்றி. ஹார்ன், கூடுதல் விளக்கு, ரேடியோ, வைப்பர், எரிபொருள் பம்ப் போன்றவற்றுக்குப் போகிற 30 ஆம்பியர் வரைக்குமான லைன்கள். ஆல்டர்னேட்டருக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் போகிற தடித்த கேபிள்கள் வேறு கதை. முதல்முறை கை வைப்பவர் அவற்றை விட்டுவிடுவது நல்லது.

பழைய ஹோல்டருக்குள் என்ன இருக்கும்

பெரும்பாலும் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். பரவலாகக் காணப்படும் அளவு 32 மி.மீ நீளம், 6.3 மி.மீ விட்டம். இரண்டு பாதியாக இருக்கும் பேக்கலைட் அல்லது பிளாஸ்டிக் கூடு. அமுக்கித் திருகினால் திறக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங் ஃபியூஸை அமுக்கிப் பிடித்திருக்கும். மலிவான ஹோல்டர்களில் கரண்டே அந்த ஸ்பிரிங் வழியாகத்தான் போகும். சூடு ஏற ஏற ஸ்பிரிங் தன் இறுக்கத்தை இழக்கும், இறுக்கம் குறையக் குறைய இன்னும் சூடு ஏறும். திறந்து பார்க்கும்போது ஸ்பிரிங் நீல நிறமோ கறுப்போ ஏறி, அமுக்கினால் திரும்பி எழாமல் கிடந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம், மாற்றிவிடலாம்.

ஐரோப்பிய வண்டிகளில் கண்ணாடிக்குப் பதில் பீங்கான் உடம்பும் வெளியே ஓடும் உலோகப் பட்டையும் கொண்ட ஃபியூஸ்கள் இருக்கலாம். அவற்றில் மஞ்சள் 5, வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25 ஆம்பியர். இந்த நிறங்களை இப்போதைய பிளேடு ஃபியூஸ் (இரண்டு தட்டையான கால்களும் நிற பிளாஸ்டிக் உடம்பும் கொண்டது) நிறங்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே சிவப்பு 10, நீலம் 15.

இதைவிடப் பெரிய குழி ஒன்று பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் உண்டு. அவற்றின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால், அது அந்த ஃபியூஸ் எரியும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதி, சுமார் 17 ஆம்பியர். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 35-க்குப் பக்கத்தில் இருக்கும் பிளேடு ஃபியூஸைப் போட்டால் வயருக்குப் பாதுகாப்பே இல்லாமல் போய்விடும். 15 ஆம்பியர் பிளேடுதான் அந்த இடத்துக்குப் பொருத்தம்.

அப்புறம், ஹோல்டரைத் திறந்தால் ஃபியூஸுக்குப் பதில் வெள்ளித்தாள் சுற்றியிருப்பதையோ ஒரு செம்பு இழை கட்டியிருப்பதையோ பார்க்க நேரலாம். அப்படி இருந்தால் அந்த லைனில் உள்ள ஃபியூஸ் முன்பு அடிக்கடி எரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஹோல்டரை மட்டும் மாற்றிவிட்டு நகராதீர்கள். அந்த வயர் முழுக்க எங்காவது உரசியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புது ஃபியூஸ் போட வேண்டும்.

எதை மாற்றுவது என்று அளந்து முடிவு செய்யுங்கள்

வெட்டுவதற்கு முன், பேட்டரியைக் கழற்றுவதற்கும் முன், ஓடுகிற நிலையில் ஒரு அளவு எடுத்துவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஹோல்டருக்குள் நுழையும் வயரின் இணைப்பிலும் மற்றொன்றை வெளியேறும் வயரின் இணைப்பிலும் தொடுங்கள். இப்போது அந்த லைனில் உள்ள சாமானை ஓட விடுங்கள்: விளக்கென்றால் எரியட்டும், மோட்டார் என்றால் சுற்றட்டும். மீட்டர் காட்டுவது அந்த ஹோல்டர் விழுங்கும் வோல்ட்.

ஃபியூஸுக்கே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு என்பதால் பூஜ்யம் வராது. நல்ல ஹோல்டரில் 0.1 வோல்ட்டை ஒட்டி, அல்லது அதற்குக் கீழே நிற்கும். 0.2-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். 0.5 காட்டினால் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். சாமான் ஓடாமல் அளந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. கரண்ட் ஓடினால்தான் வோல்ட் விழும். ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதும் அவ்வளவாக உதவாது, ஏனென்றால் சாதாரண மீட்டரின் முள் வயர்களிலேயே 0.2 ஓம் இருக்கும்.

மீட்டர் முள் எட்டாத மூடிய ஹோல்டராக இருந்தால் சிலர் வயரின் இன்சுலேஷனில் ஊசியைக் குத்தி அளப்பார்கள். குத்தலாம், ஆனால் எப்படியும் வெட்டி எறியப் போகிற பகுதியில் மட்டும். மற்ற இடத்தில் குத்தினால் அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கி, சில மாதத்தில் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும்.

கண்ணும் கையும் சொல்வதையும் கேளுங்கள். ஹோல்டரை ஒட்டிய வயர் மட்டும் விறைத்துப் போய், வளைத்தால் மேல்தோல் வெடிக்கிறதா? அது சூடு தின்ற வயர். ஹோல்டரோடு சேர்த்து அந்தத் துண்டையும் மாற்றக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஹோல்டரையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி, கைபேசியில் படமும் எடுத்துவிடுங்கள். பழைய வண்டியில் யாரோ எப்போதோ சேர்த்த வயர்களின் நிறத்தை நம்பவே முடியாது. ஃபியூஸைக் கழற்றிப் பார்த்து, எது நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஒரே உறுதியான வழி.

எத்தனை ஆம்பியர்?

ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கையோ ரேடியோவையோ அல்ல, வயரை. வயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போகக் கூடாது. சாமான் இழுக்கும் அளவுக்குக் கீழேயும் போகக் கூடாது. வண்டியின் கையேடு கிடைத்தால் அதில் உள்ள எண்தான் முதல். கிடைக்காவிட்டால் கணக்குப் போட வேண்டும்.

சாமானின் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 24 வோல்ட் லாரியில் 70 வாட் ஹெட்லைட் இரண்டு என்றால் 140-ஐ 24-ஆல் வகுக்க 5.8 ஆம்பியர் வருகிறது. ஃபியூஸை அதன் அளவில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் இருப்பது நல்ல பழக்கம். 5.8-ஐ 0.75-ஆல் வகுத்தால் 7.8, அதற்கு அடுத்துக் கிடைப்பது 10 ஆம்பியர். 12 வோல்ட் வண்டியில் 55 வாட் விளக்கு இரண்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 9.2 ஆம்பியர் ஓடும், ஃபியூஸ் 15. வாட் குறைவாக இருந்தும் கரண்ட் அதிகமாகிவிட்டதைக் கவனியுங்கள். 12 வோல்ட் வண்டிகளில் ஹோல்டர்கள் சீக்கிரம் உருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். மோட்டார் உள்ள சாமான்கள் கிளம்பும்போது சில கணங்கள் கூடுதலாக இழுக்கும். அந்தச் சின்னத் துள்ளலை ஃபியூஸ் பொறுத்துக்கொள்ளும்.

வயர் பக்கம்: 1 சதுர மி.மீ செம்பு வயருக்கு 10 ஆம்பியர், 1.5-க்கு 15, 2.5-க்கு 20, 4-க்கு 30 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பான பக்கத்தில் இருப்பீர்கள். சாமானுக்கு 15 தேவை, வயரோ 1 சதுர மி.மீ-தான் என்றால் ஃபியூஸைக் கூட்டுவது தீர்வல்ல. வயரை மாற்ற வேண்டும்.

பிளேடு ஃபியூஸின் நிறங்கள் உலகமெங்கும் ஒன்றுதான்: 5 இளம் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. சாதாரண பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட் வரைக்கும் ஆனது என்பதால் 24 வோல்ட் லாரிக்கும் அதுவே போதும். இன்னொரு விஷயம்: 15 ஆம்பியர் ஃபியூஸில் 20 ஆம்பியர் ஓடினால் அது உடனே எரிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த அளவு மீறலுக்கு அது நிமிடக்கணக்கில்கூட எடுத்துக்கொள்ளும். ஷார்ட் ஆனால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் எரியும். வயர் தாங்கும் எல்லையை ஒட்டிக் கணக்குப் போட்டு ஃபியூஸ் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டருக்குப் பதில் பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் போடுவது என் முடிவு. 1970-களின் இரண்டாம் பாதியில் வந்த பிறகு அது கண்ணாடியை ஓரங்கட்டியதற்குக் காரணம் உண்டு. தகடுக்குத் தகடு அழுத்திப் பிடிக்கும், அதிர்வில் அசையாது, எரிந்ததா இல்லையா என்று மேலிருந்தே தெரியும். வண்டியை அசல் தோற்றத்திலேயே வைத்திருக்க விரும்புகிறவர்கள் மட்டும் கண்ணாடி வகையில் தரமானதாகத் தேடலாம். எதுவானாலும் வண்டி முழுக்க ஒரே வகையாக இருக்கட்டும். சாதாரண அளவு, சிறிய அளவு என்று கலந்து போட்டால் இரவில் வழியில் நிற்கும்போது கையில் இருக்கிற உபரி ஃபியூஸ் அந்த இடத்தில் நுழையாது.

ஹோல்டரின் மேல் 30 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். மேல்தோல் தடிமனாகவும் உள்ளே செம்பு நூல் மாதிரியும் இருக்கும் சரக்கு நிறைய உண்டு. ஹோல்டரின் வயர், அது சேரப் போகிற வண்டி வயரைவிட மெலிதாக இருக்கவே கூடாது. முடிந்தால் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் ஈயம் பூசிய நல்ல செம்பு. தாராளமாக வாங்கலாம், துருப்பிடிக்காமல் அதிக நாள் வரும்.

இன்ஜின் பக்கமோ சேஸிஸ் பக்கமோ போகப் போகிற ஹோல்டருக்கு இறுக்கமாக மூடும் ரப்பர் மூடி வேண்டும். கேபினுக்குள் என்றால் சாதாரண மூடி போதும்.

இணைப்புக்கு இரண்டு பக்கமும் வயர் நுழையும் கிரிம்ப் குழாய்கள் (வயரை உள்ளே விட்டு நசுக்கி இறுக்கும் சின்ன உலோகக் குழாய்கள்) வாங்குங்கள். இன்சுலேஷன் உள்ளவற்றில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. கூடவே உள்பக்கம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை. பசை இல்லாதது விலை குறைவாக இருக்கும், ஆனால் தண்ணீரை அது தடுக்காது. கருவிகளில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று ராட்செட் வைத்த கிரிம்பிங் பிளேயர். முழு அழுத்தம் கொடுத்து முடிக்கும்வரை அது வாயைத் திறக்காது. புதிதாகச் செய்கிறவரின் கை வித்தியாசம் அதில் மறைந்துவிடும். சாதாரண பிளேயரால் நசுக்கிய குழாய் அன்றைக்குப் பிடிக்கும், அதிர்வில் கழன்றுவிடும்.

சால்டர் வைத்தால் இன்னும் உறுதிதானே என்று கேட்பார்கள். ரேடியோப் பெட்டிக்குள் சரி. லாரியில் எனக்கு உடன்பாடில்லை. உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறி வயரைக் கம்பியாக விறைக்க வைத்துவிடும்; விறைப்பு முடிகிற அந்த ஓரத்தில்தான் அதிர்வு முழுவதும் விழுந்து வயர் ஒடியும். கிரிம்ப் செய்வதற்கு முன் இழைகளுக்கு ஈயம் பூசுவதும் தவறு. ஈயம் மெல்ல மெல்ல அமுங்கிக்கொடுத்து, கிரிம்ப் தளர்ந்துவிடும்.

வெட்டுவதற்கு முன்

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். கை மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். பேட்டரியின் இரு முனைகளில் எது பாடியோடு சேர்ந்திருக்கிறதோ அந்தக் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். அநேகமாக எல்லா வண்டியிலும் அது நெகட்டிவ். மிகப் பழைய சில வண்டிகளில் பாஸிட்டிவ் பாடியில் இருக்கும், ஆகவே நிறத்தை நம்பாமல் கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். பாடிப் பக்கத்தைக் கழற்றும்போது ஸ்பானர் சேஸிஸில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மற்றதை முதலில் கழற்றும்போது பட்டால் ஸ்பானர் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரி தொடராக இணைந்திருக்கும். அங்கேயும் பாடிக்குப் போகிற ஒரு கேபிளைக் கழற்றினால் போதும். கழற்றிய முனை தானாகத் திரும்பி வந்து தொடாதபடி துணி சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள்.

மெயின் சுவிட்சைத் திருப்பி அணைத்துவிட்டால் போதாதா? போதாது. கடிகாரம் போன்ற சில லைன்கள் அந்தச் சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிந்து போயிருக்கலாம்.

ஹோல்டர் இப்போது இருக்கும் இடமே சரிதானா என்றும் இந்த நேரத்தில் யோசித்துவிடுங்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அது எங்காவது பாடியில் உரசினால் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன் என்றால் ஹோல்டர் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். முன்பு யாராவது வசதிக்காக டாஷ்போர்டுக்குக் கீழே வைத்திருந்தால், அதை மாற்றி அமைக்க இதுதான் சமயம்.

வெட்டி இணைப்பது

ஒரு நேரத்தில் ஒரு ஹோல்டர். மொத்தமாக எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டு அப்புறம் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பழைய ஹோல்டரின் இரு பக்கமும், உருகிய பகுதியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். மேல்தோலை 7 மி.மீ அளவுக்கு உரித்துச் செம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகப் பளபளத்தால் சரி. கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டி மறுபடி பாருங்கள். பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்; கறுத்த செம்பின் மேல் போட்ட கிரிம்ப் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வீண். வயர் நீளம் போதாமல் போனால் கவலை இல்லை, அதே தடிமனோ அதற்கு மேலோ உள்ள புது வயர்த் துண்டு சேர்த்துக்கொள்ளலாம். முழு வயருமே கறுத்திருந்தால் அடுத்த கனெக்டர்வரை புதிதாக இழுப்பதைத் தவிர வழியில்லை.

புது ஹோல்டர்களில் பல ஒரே வயர் வளையமாக வரும். அந்த வளையத்தை வெட்டினால்தான் இரண்டு முனை கிடைக்கும். சரியாக நடுவில் வெட்டாமல் ஒரு முனை மற்றதைவிட நான்கு சென்டிமீட்டர் நீளமாக இருக்கும்படி வெட்டுங்கள். இரண்டு இணைப்பும் பக்கத்துப் பக்கத்தில் வந்து புடைக்காமல் இருக்கும். ஒன்றோடொன்று உரசும் வாய்ப்பும் குறையும். ஃபியூஸுக்குப் பாஸிட்டிவ் நெகட்டிவ் கிடையாது, எந்த முனை எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

இப்போது, கிரிம்ப் செய்வதற்கு முன்பே ஸ்லீவை வயரில் கோத்து, சூடு படாத தூரத்துக்குத் தள்ளிவிடுங்கள். இதை மறக்காத ஆள் இல்லை. மறந்தால் இணைப்பை வெட்டி மறுபடி முதலிலிருந்து.

உரிக்கும்போது இழைகள் அறுபடக் கூடாது. இரண்டு மூன்று இழை போனால்கூட வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். பல் வைத்து உரிக்கும் பழக்கத்தையும் கத்தி வைத்துச் சுழற்றும் பழக்கத்தையும் விட்டு, அளவு குறித்த ஸ்ட்ரிப்பர் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. இழைகளை லேசாக ஒரு திருகு திருகி, குழாயின் நடுவில் உள்ள தடுப்பைத் தொடும்வரை நுழைத்துவிடுங்கள். ஓர் இழையும் வெளியே மடங்கி நிற்கக் கூடாது. குழாயின் நிறத்துக்குரிய பள்ளத்தில் வைத்து, ராட்செட் தானாக விடும்வரை அழுத்துங்கள். ஒரு வயர் மெலிதாக இருந்து குழாயில் தளதளவென்று ஆடினால், இரண்டு மடங்கு நீளம் உரித்து இழையை மடித்து நுழைக்கலாம்.

பிறகு இழுத்துப் பாருங்கள். மென்மையாக அல்ல, வயரைப் பிய்த்து எடுக்கிற எண்ணத்தோடு நன்றாக இழுங்கள். கையோடு வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லதாயிற்று. வராவிட்டால் ஸ்லீவை இணைப்பின் நடுவுக்குக் கொண்டுவந்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சூடான காற்றுத் துப்பாக்கியால் சுருக்குங்கள். இரண்டு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வந்தால் உள்ளே தண்ணீர் போகாது. இன்சுலேஷன் உள்ள கிரிம்ப் குழாய்க்கு மேலேயே இந்த ஸ்லீவைப் போடலாம். லைட்டர் வைத்துச் சுருக்குவது வேண்டாம், ஸ்லீவ் கருகும். அதுவும் பேட்டரி பக்கத்திலோ எரிபொருள் குழாய் பக்கத்திலோ நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அது தீப்பிடிக்கும்.

ஹோல்டரைத் தொங்க விடாமல் ஹார்னஸிலோ (வண்டியின் வயர்க்கட்டு) ஒரு பிராக்கெட்டிலோ கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். சைலன்சர் குழாய், ஸ்டியரிங் கம்பிகள், கிளட்ச் பெடல் பக்கம் வேண்டாம். இரவில் டார்ச் பிடித்துக்கொண்டு ஒரு கையால் திறக்க முடிகிற இடமாக இருக்கட்டும். ஹோல்டருக்குள் நுழையும் முன் வயர் ஒருமுறை கீழே இறங்கி மேலேறும்படி விடுங்கள். மழைத்தண்ணீர் வயர் வழியே வழிந்து வந்தாலும் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். ஃபியூஸ் கால்களில் ஈரத்தைத் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் விரல் நுனியளவு போதும், அப்பி நிரப்ப வேண்டாம். மூடியின் மேல் எந்த லைன், எத்தனை ஆம்பியர் என்று ஒரு ஒட்டுத்துண்டு.

ஃபியூஸ் போடும் முன் ஒரு பல்ப்

பேட்டரியை இணைக்கும்போது பாடிக் கேபிள் கடைசியாக. இன்னும் ஃபியூஸ் சொருக வேண்டாம். 21 வாட் பல்ப் ஒன்றை, வண்டி 12 வோல்ட் என்றால் 12 வோல்ட் பல்ப், 24 என்றால் 24, இரண்டு வயரோடு தயார் செய்து, ஃபியூஸ் கால்கள் நுழையும் இரண்டு இடத்திலும் தொடச் செய்யுங்கள். அந்த லைனில் உள்ள சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருக்கும்போது பல்ப் எரியக் கூடாது. பிரகாசமாக எரிந்தால் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. பல்ப் நடுவில் இருப்பதால் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது. எதுவும் கருகாமல் நிதானமாகத் தேடலாம்.

சுவிட்சுக்கு அப்பால் உள்ள வயரையும் சோதிக்க வேண்டுமே? கடைசியில் உள்ள விளக்கையோ மோட்டாரின் கனெக்டரையோ கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். சாமானே இல்லாதபோதும் பல்ப் எரிந்தால் கோளாறு அந்தப் பகுதியில்.

பல்ப் எரியவில்லை, எல்லாம் சரி என்றால் ஃபியூஸைச் சொருகி, சாமானை ஓடவிட்டு, முன்பு எடுத்த மாதிரியே வோல்ட் அளவை மறுபடி எடுங்கள். இந்த முறை ஒட்டுமொத்தமாக, பழைய வயரிலிருந்து பழைய வயர்வரை, புது இணைப்புகள் இரண்டும் நடுவில் வரும்படி. 0.1-ஐ ஒட்டி வந்தால் வேலை முடிந்தது. அதற்கு மேல் வந்தால் இரண்டு கிரிம்பையும் ஹோல்டரையும் தனித்தனியாக அளந்தால் எது சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டு ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. விரல் வைக்க முடியாத சூடு என்றால் ஒன்று பிடிப்பு சரியில்லை, அல்லது அந்த லைன் ஃபியூஸின் அளவை ஒட்டி இழுக்கிறது.

ஃபியூஸ் மறுபடி எரிந்தால்

அதே அளவில் இன்னொன்றைப் போடலாம், ஒரு முறை. இரண்டாவதும் போனால் 20-க்குப் பதில் 30 என்று கை போக வேண்டாம். பல்பை மறுபடி எடுங்கள். ஃபியூஸ் எரிந்தது சொருகியதுமா, சுவிட்ச் போட்டதுமா, வண்டி ஓடும்போது மட்டுமா என்பதே பாதி விடை. முதலாவது என்றால் சுவிட்சுக்கு முந்திய வயர். இரண்டாவது என்றால் சுவிட்சுக்குப் பிந்திய வயரோ சாமானோ.

மூன்றாவதுதான் ஆளைப் படுத்தும். வண்டி நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாமானைக் கழற்றி வைத்துவிட்டு, பல்பை ஃபியூஸ் இடத்தில் மாட்டி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொங்கவிட்டு, சுவிட்சைப் போட்டு வையுங்கள். பிறகு ஹார்னஸை ஒரு முனையிலிருந்து பிடித்து ஒவ்வொரு அடியாக அசைத்துக்கொண்டே போங்கள். கேபினிலிருந்து சேஸிஸுக்கு இறங்கும் ஓட்டை, கேபின் சாயும் வண்டியென்றால் அந்த மடிப்பு, பின் விளக்குக்குப் போகும் வழியில் உள்ள பிராக்கெட்டுகள்: இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த இடத்தை அசைக்கும்போது பல்ப் மின்னுகிறதோ அங்கே டேப்பைப் பிரித்தால் தோல் தேய்ந்த வயர் கண்ணில் படும். பேட்டரிக் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை வெட்டி முன்பு செய்த மாதிரியே கிரிம்ப் செய்து ஸ்லீவ் போட்டு, ஓட்டைக்கு ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) ஒன்றை மாட்டுங்கள். மறுபடி இணைத்து அசைத்துப் பார்க்கும்போது பல்ப் மின்னாவிட்டால், அதை எடுத்துவிட்டு ஃபியூஸைச் சொருகலாம்.